எடை பார்க்கும் நாள்

தோட்டத்தில் காயப்போட்ட ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை சுகாதார சப்சென்டர் வராந்தா வரைக்கும் வருகிறது. உத்திரத்தில் தொங்கும் தராசின் துணித்தொட்டிலில் ஒரு குழந்தை கிடந்து வீரிடுகிறது. நர்ஸ் ரத்னபாய் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்ரீகுமாரி அருகில் வந்து நிற்கிறாள். ‘ஒண்ணே போதும் மக்கா’ என்று அவளைக் கருத்தடை முகாமுக்கு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனவள் இந்த ரத்னபாய்தான். அந்த ஒன்றும் போன மாதம் காய்ச்சலில் போய்விட்டது. “சிஸ்டரே, கெட்டின கொழல அவுத்துவிட ஒக்குமா? இன்னொண்ணு பெறணும்.” ரத்னபாய் ஏறிட்டும் பார்க்கவில்லை. “கெட்டினா கெட்டினதாக்கும். சும்மா நிக்காம இதப் பிடி” என்று குழந்தையைத் தூக்கி அவள் கையில் கொடுக்கிறாள். அழுகை சட்டென்று நிற்கிறது. ஈர உதடுகள் ரவிக்கையைத் தேடுகின்றன. ஸ்ரீகுமாரி மூச்சுவிடவும் அஞ்சி நிற்கிறாள். “பிள்ளை போனவ கையிலயா குடுத்திய?” பெஞ்சிலிருந்து பாய்ந்து வந்த தாய் லிஷா குழந்தையைப் பிடுங்கி, எச்சில் பட்டதுபோல அதன் முகத்தைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைக்கிறாள். ஏந்திய கைகள் ஸ்ரீகுமாரிக்கு இன்னும் மடங்கவில்லை. ரத்னபாய் லிஷாவைப் பார்த்துக் கனிவாகச் சிரிக்கிறாள். “ஒனக்கு இது ரெண்டாவதுல்லா மக்கா? புதனாழ்ச்ச முகாம் உண்டு, ஜீப்பு வரும். வேதனையே இருக்காது. வேணும்னா இவளிட்ட கேளு.”