செந்நண்டுகள் சுற்றிப் போன இடம்

மழை விட்ட காலையில் செந்நண்டுகள் கூட்டமாகக் கடலுக்கு இறங்கின. தீவு விடுதியின் புல்வெளியை அவை நேராகக் கடக்கவில்லை. நடுவில் ஓரிடத்தில் சட்டென்று திரும்பி, வெறும் புல்லைச் சதுரமாகச் சுற்றிக்கொண்டு போயின. மேலாளர் சுகிர்தன் குனிந்து தரையைப் பார்த்தபடியே அவை விட்டிருந்த இடைவெளி வழியாக உள்ளே போய்ப் புல்லைத் தடவிப் பார்த்தார்.

"இங்க ஏதாவது மருந்து அடிச்சீங்களாம்மா?"

தோட்டவேலை பார்க்கும் பிரகாசி வெளியே நின்றபடி தலையசைத்தாள். "இல்ல சார். இது எங்க வீட்டுச் செவுரு. விடுதி கட்டுறதுக்கு முன்ன இங்கனதான் இருந்துச்சு. நண்டுவ அப்பயும் இப்படித்தான் சுத்திப் போகும்."

"அதை இடிச்சே பதினாலு வருஷம் ஆச்சு. இந்த நண்டெல்லாம் அப்போ பொறந்தே இருக்காதே?"

"எனக்கும் அதான் சார் வெளங்கல."

விருந்தாளிகள் செல்பேசியை உயர்த்திப் படமெடுத்தார்கள். "முதல்ல கொஞ்சம் வெந்நீர் கொண்டுவந்து ஊத்துங்க. எல்லாம் கலைஞ்சு ஓடட்டும்" என்றார் மேலாளர். பிரகாசி அசையவில்லை. தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி மேலாளர் புறப்பட்டார். கிழக்குப் பக்கத்தில் மட்டும் நண்டுகள் ஓர் ஆள் நுழையும் அளவு வழி விட்டிருந்தன. அதன் வழியே விறுவிறுவென்று வந்தவர் பாதியில் நின்று, நெற்றியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். மேலே வானம்தான் இருந்தது.

"குனிஞ்சு வாங்க சார்" என்றாள் பிரகாசி. "வாசல் தாழ்வு."