கடைசிப் பேட்டி

ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷம். நாடி விமான நிலையத்தில் கவிஞர் வீரய்யா மடியில் பூமாலையும் காலடியில் பெரிய பெட்டியுமாக உட்கார்ந்திருந்தார். பத்திரிகை ஆசிரியை சரோஜ் எதிரில் அமர்ந்து டேப் ரெக்கார்டரை ஓடவிட்டாள்.

"இந்த மண்ணை விட்டுப் போகமாட்டேன்னு நம்ம பத்திரிகையிலதானே எழுதினீங்கண்ணே?"

"எழுதினேன்."

"'ஓடும் கோழைகளே'ன்னு தலைப்பு."

"தலைப்பு நீ வெச்சது, தங்கச்சி."

"சரி, ஊரை விட்டுப் போறவங்களைப் பத்தி இப்ப என்ன சொல்றீங்க?"

"பிள்ளைங்க படிப்பு இருக்கு, பயம் இருக்கு. யாரையும் குத்தம் சொல்லக்கூடாது."

"இது போதும்ணே," என்று சரோஜ் டேப்பை நிறுத்தினாள்.

ஆக்லாந்து விமானத்துக்கு அழைப்பு வந்தது. வீரய்யா எழுந்து, மாலையை அவள் கழுத்தில் போட்டார்.

சரோஜ் அந்த டேப்பை, தான் அவருக்காகக் கொண்டுவந்திருந்த அந்தக் காலடிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"உங்க கடிதம், பேட்டி எல்லாம் இதிலதான் இருக்கு. இனிமே நீங்கதான் பாத்துக்கணும். பத்திரிகையை நான் ஆக்லாந்துலேருந்து நடத்துறேன். அடுத்த இதழுக்குக் கவிதை அனுப்பிடுங்கண்ணே."

"அனுப்புறேன்," என்றார் வீரய்யா. "தலைப்பு மட்டும் இந்தத் தடவை நானே வெச்சுடுறேன்."