பதினான்கு புள்ளி இரண்டு

பேட்டரி ஒயர்களை இடம் மாற்றி மாட்டி, மாமனாரின் காரில் டைனமோவைப் புகைய வைத்தது நான்தான். போன வருடம் மௌத்தான அவர், உயிரோடு இருந்தவரை என் கையில் ஸ்பேனரைக் கொடுத்ததில்லை. நாளைக் காலை என் மனைவி சுஃபியாவைத் தலைப்பிரசவத்துக்குச் சேர்க்க வேண்டும். என்னைப் பெத்த அத்தா காரில்தான் போவேன் என்று அவளுக்குப் பிடிவாதம்.

டைனமோவைக் கழற்றித் தல்லாகுளத்துக் கடையில் கொடுத்தேன். நாளை ஞாயிறு, திங்கட்கிழமைதான் கிடைக்கும் என்றார்கள். வீடு திரும்பி, பேட்டரியில் ஆஸ்பத்திரி வரைக்குமாவது தெம்பு இருக்கிறதா என்று என்ஜினை ஓடவிட்டு மீட்டரை வைத்தேன். சார்ஜ் ஏற்றும் டைனமோ இல்லாமல் அது பதின்மூன்று வோல்ட்டைக்கூடத் தொட முடியாது. பதினான்கு புள்ளி இரண்டு காட்டியது. குனிந்து பார்த்தேன். டைனமோ இருந்த இடம் காலியாகத்தான் இருந்தது.

"காரை யாரு தொட்டது?"

"சாயா ஆறுது மச்சான், குடிங்க."

"மெக்கானிக் யாரும் வந்தாரா?"

"எம்புட்டுக் கேள்வி! பிரசவம் எனக்கா, உங்களுக்கா?"

மூன்றாம் முறை கேட்டபோது வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"அத்தாதான் வந்துட்டுப் போனாரு. தலைப்பிரசவம் பொண்ணப் பெத்தவங்க பொறுப்பாம். காலைல அவரே ஓட்டுறாராம், நீங்க பின்னாடி உக்காந்துக்கங்க."