இருபது சிரட்டைத் தணல்

ஐம்பத்தேழாம் ஆண்டுக் கோடையில் கிளிநொச்சிக் குடியேற்றத்தில் மூன்று குசினிகள் எரிந்தன. மூன்றும் தென்னோலை பின்னிய கிடுகுக் கூரைகள். பத்மாசனி அசரவில்லை. தன் அடுப்புக்குச் செங்கல்லில் புகைக்கூடு கட்டுவித்தாள். அது கூரையைத் தாண்டும் இடத்தில் ஒரு முழம் கிடுகை வெட்டித் தகரம் போட்டாள். உச்சியில் பொறி பறக்காமல் கம்பிவலை கட்டினாள். சமையல் முடிந்தால் தண்ணீர் தெளித்து, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே கதவைச் சாத்துவாள்.

"என்ர அடுப்பிலயிருந்து ஒரு பொறி வெளியில போகாது" என்று புருஷன் வீரகத்தியிடம் அடித்துச் சொல்வாள்.

தணல் மட்டும் போனது. காலையில் பக்கத்துக் காணிக்காரி நெருப்புக் கேட்டு வருவாள். அயலுக்கு இல்லையென்று சொல்லலாமா? பத்மாசனி சேர்த்து வைத்திருந்த சிரட்டைகளில் ஒன்றில் அள்ளிக் கொடுப்பாள். இருபதாம் நாள் இருபது சிரட்டையும் முடிந்தன.

அன்று காணிகளை மேற்பார்வை பார்க்க வந்த அரசாங்க ஓவசியரிடம் அந்தப் பக்கத்துக் காணிக்காரியைப் பற்றிக் கதை வந்தது.

"பக்கத்துக் காணி இன்னும் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை, தங்கச்சி. வெறும் காடு."

"நல்லதாப் போச்சு. எரியிறதுக்கு அங்க வீடில்லை" என்றாள் பத்மாசனி.

மறுநாள் விடிய, குசினி வாசலில் சிரட்டைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் தணல், அள்ளிக் கொடுத்தபோது இருந்த அதே சிவப்பில். அவள் ஒவ்வொன்றாக எடுத்து அடுப்புக்குள் கொட்டினாள். புகை நேராக மேலே போனது. பிறகு வெறும் சிரட்டைகளை எண்ணினாள்.

பத்தொன்பது.

மறுபடி எண்ணினாள். பிறகு மெல்லத் தலையை நிமிர்த்திக் கிடுகுக் கூரையைப் பார்த்தாள்.