எட்டுக் குடித்தனமும் ஒரு வேனும்

"யாரும் வேலை கீலைன்னு சாக்குச் சொல்லக் கூடாது. ஞாயித்துக்கிழமை கடன் சங்கக் கூட்டத்துக்கு எல்லாரும் வந்தாகணும்!"

மாடிப்படியில் நின்றுகொண்டு ஹவுஸ் ஓனர் முழங்கினார். கீழே குழாயடியில் அவருடைய எட்டுக் குடித்தனமும் வாளியும் குடமுமாக நின்றது.

விஷயம் இதுதான். பழைய கிடங்கு இருந்த இடத்தில் குறைந்த வாடகை வீடுகள் கட்ட, கூட்டுறவுக் கடன் சங்கம் பணம் போடப்போகிறதாம். அந்த வீடுகள் வந்துவிட்டால், மழைக்கு ஒழுகி வெயிலுக்கு வேகும் இவருடைய எட்டுப் போர்ஷனிலும் கரப்பான்பூச்சிதான் குடியிருக்கும். அந்தக் கவலையில் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டு வீட்டிலும் வீட்டுக்கு ஒருவர் சங்கத்தில் உறுப்பினர். கூட்டத்துக்குத்தான் ஒருவரும் போனதில்லை. ஓனர் மட்டும் என்ன, கடன் வாங்க மட்டுமே அந்தப் படியேறியவர்.

"நாங்க எதுக்கு சார்?" என்று தையல்கார அக்கா இழுத்தாள். "எங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம்மா. எதிர்க்கிறவங்க யாருன்னு கேப்பாங்க. கையைத் தூக்கினாப் போதும்."

"ரெண்டு பஸ் மாறிப் போகணுமே சார்."

"வேன் வெக்கிறேன்."

"ஞாயித்துக்கிழமைதான் எனக்கு வேலையே," என்றார் பெயின்டர். "ஒரு நாள் கூலி போயிடும்."

"நான் தர்றேன்யா, அழாதே!"

"அப்புறம் இந்தக் குழாய்..." என்று அக்கா தலையைச் சொறிந்தாள்.

"நாளைக்கே மாத்திடறேன். போதுமா? என் மானத்தைக் காப்பாத்துங்க!"

வருஷக்கணக்கில் ஒழுகிய குழாய் மறுநாளே மாறியது. குடித்தனக்காரர்கள் நம்ப முடியாமல் மாறி மாறித் திறந்து பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஓனர் முன் வரிசையில் உட்கார்ந்து, திரும்பித் திரும்பித் தன் ஆட்களைச் சரிபார்த்துக்கொண்டார். சங்கச் செயலாளர், வீடு கட்டப் பணம் போடும் தீர்மானத்தைப் படித்து முடித்தார்.

"எதிர்க்கிறவங்க கையைத் தூக்கலாம்."

ஓனரின் கையோடு குடித்தனக்காரர்களின் எட்டுக் கைகளும் சடாரென்று உயர்ந்தன. தையல்கார அக்கா எழுந்து நின்றே தூக்கினாள். ஓனருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"ஆதரிக்கிறவங்க?"

மிச்ச மண்டபம் மொத்தமும் கையைத் தூக்கியது. தீர்மானம் நிறைவேறியது.

இடிந்துபோய் உட்கார்ந்திருந்த ஓனரிடம் செயலாளர் ஓடி வந்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்களுக்குக் கோடிப் புண்ணியம் சார்! உறுப்பினர்ல பாதிப் பேராவது வந்தாத்தான் கூட்டம் செல்லும். போன ரெண்டு தடவையும் ஆள் சேராமக் கலைச்சுட்டோம். இன்னிக்கும் கலைஞ்சிருந்தா நிலமே கையை விட்டுப் போயிருக்கும். நீங்க கூட்டிட்டு வந்தவங்களாலதான் சார் கணக்கு நிறைஞ்சுது!"

ஓனர் கையை உருவிக்கொண்டார். "எதிர்த்துக் கை தூக்கினவங்களும் அந்தக் கணக்குல சேர்த்தியா?"

"எந்தப் பக்கம் தூக்கினா என்ன சார், ஆள் வந்தாச் சரி. இதைத்தான் இவங்க வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வந்தேன்."

ஓனர் மெல்லத் திரும்பினார். எட்டுப் பேரும் பவ்யமாக நின்றிருந்தார்கள்.

"நாங்களா வந்தா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவீங்களேன்னு பயந்துதான் சார் போன ரெண்டு தடவையும் வரல," என்றாள் தையல்கார அக்கா. "நல்லவேளை, நீங்களே வேன் வெச்சுக் கூட்டிட்டு வந்துட்டீங்க!"