மொழிக்காவலர் ஓய்வில் இருக்கிறார்

மீன் வெட்டும் கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டே வினோதினி கேட்டைத் திறந்தாள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த திருஞானசம்பந்தம் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"ஒங்களத்தான் சார் தேடி வந்தேன்," என்றாள்.

அவர் தேடப்பட வேண்டிய ஆள்தான். முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் அத்தனை கோப்புகளையும் இங்கிலீஷில் எழுதிவிட்டு, ஓய்வு பெற்ற மறுநாள் தமிழ் ஆபத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தவர். அன்றிலிருந்து ஃபேஸ்புக்கில் அவருக்கு அவரே வைத்துக்கொண்ட பெயர் 'மொழிக்காவலர்'.

காரைக்காலில் எவன் பதிவில் ஒற்றெழுத்து விட்டுப்போனாலும் அடுத்த நிமிஷம் அங்கே நிற்பார். கல்யாணம், கருமாதி என்ற பேதம் கிடையாது. நண்பனின் அப்பா இறந்ததற்கு 'ஆழ்ந்த இறங்கல்' என்று போட்ட ஒருவனிடம், 'எந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கினாய்?' என்று கேட்டவர்.

அவருக்கு மிகவும் பிடித்த இரை வினோதினி. புருஷன் குணசேகரன் கடலுக்குப் போய்ப் பிடித்து வரும் மீனை ஃபேஸ்புக்கில் படம் போட்டு, ஸ்கூட்டியில் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்கிறாள். தினமும் காலையில் 'வஞ்சிறம் வந்திறுக்கு' என்று போடுவாள். அது போய்ச் சேருமுன் மொழிக்காவலர் வந்துவிடுவார்.

'எழுத்துத் தெரியாத கையில் மீன் வாங்கினால் முள் தொண்டையில் மட்டுமல்ல, தமிழிலும் குத்தும்.' 'பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காததை ஊருக்கெல்லாம் தண்டோரா போட வேண்டுமா, அம்மணி?' இப்படி ஒரு வருஷம்.

அவளும் விடமாட்டாள். 'உங்க தமில ஊருகா போட்டு தொட்டுக்குங்க' என்று பதில் போடுவாள். அதற்கும் அவர் பாய்வார். ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்ளும். துபாயில் இருக்கும் காரைக்கால்காரன்கூட வேலையைப் போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்ப்பான்.

மூன்று வாரத்துக்கு முன் பஸ் ஸ்டாண்டில் குணசேகரன் அவர் தோளில் கை போட்டான். "சார், இன்னொரு வாட்டி எம் பொண்டாட்டியப் பத்தி எழுதுனீங்கன்னா, டைப் அடிக்கிற வெரல் இருக்காது," என்று காதோடு சொன்னான்.

அன்று மாலையே அறிவிப்பு வந்தது: 'கண் அறுவை சிகிச்சை காரணமாக மொழிக்காவலர் ஓய்வில் இருக்கிறார்.'

இப்போது அவன் பெண்டாட்டி வந்திருக்கிறாள், கத்தியோடு.

"செல்லம்," என்று அவர் வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார். பதிலுக்கு உள்தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு ஜன்னல் வழியாக அவர் மனைவி சொன்னாள்: "நீங்களாச்சு, ஒங்க தமிழாச்சு. என்னைய இழுக்காதீங்க."

வினோதினி படியேறி வந்தாள். இன்னொரு கையில் எதிர்வீட்டுக் கமருன்னிசாவுக்குக் கொடுக்க வேண்டிய மீன் பொட்டலம். அதில் ஒட்டியிருந்த சீட்டில், 'நன்றாகக் கழுவிச் சமைக்கவும். எஞ்சியதை உடனே குளிர்பெட்டியில் வைக்கவும்' என்று எழுதியிருந்தது. அந்த நிலையிலும் அவர் கண் பிழை தேடியது. ஒன்றும் சிக்கவில்லை. யாராவது படித்தவர்களிடம் எழுதி வாங்கியிருப்பாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

"கண்ணு தேவலையா?"

"எந்தக் கண்ணு?" என்றவர் சுதாரித்துக்கொண்டார். "பரவால்லம்மா. மங்கலாத் தெரியுது."

"எம் பொழப்பும் அப்படித்தான் தெரியுது. நாப்பது வீட்டுக்கு மீன் கொடுத்துக்கிட்டிருந்தேன். நெரவி, விழிதியூர்லேருந்தெல்லாம் கேட்டாங்க. இப்ப மூணு வாரமா எண்ணி ஆறு வீடு. மிச்சத்த உப்பு போட்டுக் கருவாடாக் காய வைக்கிறேன். எல்லாம் ஒங்களாலதான்."

"நான்தான் எழுதறதையே நிறுத்திட்டேனேம்மா."

"பார்த்தேன்." கத்தியைக் கைப்பிடிச் சுவரில் டக்கென்று வைத்தாள். "ரெண்டு பொண்ணு படிக்குது சார். அந்த மனுசனுக்குக் கடலத் தவிர ஒண்ணும் தெரியாது. இந்த ஏவாரமும் போச்சுன்னா நாங்க எங்க போறது? பண்றதெல்லாம் பண்ணிப்புட்டுக் கண்ணு வலின்னு ஒக்காந்துட்டா ஆச்சா?"

எதிர்வீட்டு மாடியில் கமருன்னிசா வந்து நின்று பார்த்தாள். மானமா விரலா என்று திருஞானசம்பந்தம் ஒரு கணம் யோசித்தார். விரல் ஜெயித்தது.

"நான் எழுதினது எல்லாத்தையும் அழிச்சிடறேம்மா. பகிரங்கமா மன்னிப்புக் கேட்டுப் போடறேன். ஏதோ மொழிப்பற்றுல கொஞ்சம் கூடுதலாப் போயிட்டேன்."

"மன்னிப்பா? அத வச்சு நாக்கு வழிக்கிறதா?"

"அப்ப என்னதாம்மா பண்ணணும்? நீ சொல்லு, பண்ணிடறேன்."

வினோதினி கேட் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நாற்காலியை இழுத்து அவர் பக்கம் தள்ளி, உட்காரச் சொல்லிக் கை காட்டினாள். வந்ததிலிருந்து முதல்முறையாக அவள் குரல் இறங்கியது.

"எங்க வூட்டுக்காரர்கிட்ட நான் பேசிட்டேன், அவரு இனிமே ஒங்க வழிக்கு வரமாட்டாரு," என்றாள். "நாளைக்குக் காலையில நாலு தப்பு வுட்டு வைக்கிறேன், மறக்காம வந்து திட்டுங்க சார்."