ஆக்சில் அம்மிணி

செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்ததைப் பிரித்து, கடைசல் பட்டறையில் லேத் பக்கத்து மேஜையில் வைத்தாள்.

முழங்கை நீள இரும்புத் தண்டு; காரின் பின்சக்கரத்தைச் சுழற்றிய பழைய ஆக்சில். ஒரு முனை உடைந்திருந்தது.

பக்கத்திலேயே புத்தம்புது பின் ஆக்சில்கள் இரண்டு, எண்ணெய் மினுக்கத்தோடு படுத்திருந்தன. பழையதைவிடத் தடிமன். நல்ல எஃகு. டர்னர் மயில்சாமி பத்து நாளாகக் கடைந்தவை.

"இதை எதுக்குத் தூக்கிட்டு வந்தே? பழைய இரும்புக்குப் போடச் சொன்னேன்ல?" என்றார் கணவர் சென்னியப்பன்.

அவள் உடைந்த முனையை மயில்சாமி பக்கம் திருப்பி வைத்தாள்.

பிப்ரவரியில், ஊட்டிச் சாலையில் கல்லாறு ஏற்றத்தில் நடந்தது. அறுபத்திரண்டாம் வருஷத்து பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. அன்றுதான் முதல் தடவையாக ஸ்டியரிங் அவள் கைக்கு வந்தது. கிளட்ச்சை விட்டாள். பின்னால் 'டக்' என்றது. எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை.

மாலைக்குள் பழைய கார் சங்கத்தில் அவளுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது.

ஆக்சில் அம்மிணி.

வைத்தவர் சென்னியப்பன்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஊட்டிவரை போட்டி. ஓட்டுபவர் அவர். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்பவள் அவள்.

"மயிலு, ரெண்டு மடங்கு கெட்டியாத்தானேப்பா கடைஞ்சிருக்கே? அம்மிணி கால் வெயிட்டு அப்படி!" என்று சிரித்தார் சென்னியப்பன்.

மயில்சாமி சிரிக்கவில்லை. உடைந்த முனையைத் துணியால் துடைத்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

அவளுக்கு அவசரமில்லை. மூன்று மாதமாகப் பார்த்துப் பார்த்து அந்த முனை மனப்பாடம். அதை யார் வாயால் சொல்லவைக்க வேண்டும் என்பதும் தெரியும்.

"ஏனுங் சார், இது அன்னைக்கு ஒடஞ்சது இல்லீங்க."

"பின்னே?"

"சுத்தியும் கறுத்துக் கெடக்குது பாருங்க. இதெல்லாம் பழைய வெடிப்பு. எண்ணெய் எறங்கி ஊறியிருக்குது. நடுவுல சுண்டைக்காயளவு மின்னுதுல்ல? அது மட்டுந்தானுங்க அன்னைக்குப் போனது. அம்மிணி தொடலீன்னாலும் அடுத்த திருப்பத்துல போயிருக்கும். கிளட்ச்சைப் படக்கு படக்குன்னு விட்டு, யாரோ வருசக்கணக்கா அடிச்சிருக்காங்க."

யாரோ.

பிப்ரவரிவரை அந்த வண்டியின் சாவி ஒரே ஒரு சட்டைப்பையில்தான் இருந்தது. மயில்சாமிக்கும் அது தெரியும்.

சென்னியப்பன் முனையை வாங்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

திருப்பி வைத்துவிட்டார்.

மதியத்துக்குள் புது ஆக்சில்கள் உள்ளே போயின. சக்கரங்கள் ஏறின. ஜாக் இறங்கியது.

சாவி மேஜைமேல் கிடந்தது. அவர் அதை எப்போது வைத்தார் என்று அவள் கவனிக்கவில்லை.

எடுத்தாள்.

வலப்பக்கம் திறந்திருந்த கதவு வழியே ஏறிச் சாத்திக்கொண்டாள். இருக்கையை முன்னால் இழுத்தாள். பின்பார்வைக் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். கிளட்ச்சை மெல்ல விட்டாள். வண்டி நாலடி முன்னே வந்து, சத்தமில்லாமல் நின்றது.

வெயிலுக்காகக் கூரையை மூடியிருந்தார்கள். அந்தக் காரில் கதவுகளுக்கு வெளியே கைப்பிடி கிடையாது. உள்ளே இருப்பவர்தான் திறந்துவிட வேண்டும்.

சென்னியப்பன் இடப்பக்கம் வந்து நின்றார். கையில் போட்டிப் பாதை அச்சிட்ட தாள்.

அவள் எஞ்சினை ஒரு முறை உறுமவிட்டுக் காது கொடுத்தாள்.

இன்னொரு முறை.

பிறகுதான் இடப்பக்கக் கதவைத் திறக்கக் கையை நீட்டினாள்.